நிதி வரும் வழி மாறும்போது கணக்குக் கேட்கும் வேலை என்ன ஆகிறது?

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தது. மார்ச்சில் அந்த உதவியைப் பகிர்ந்தளிக்கும் அரசு அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1-ஆம் தேதி அந்த அமைப்பின் கதவே மூடப்பட்டு, மிச்சம் இருந்தவை வெளியுறவுத் துறைக்குப் போயின. தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆகக் குறைப்போம் என்று பிரிட்டனும் அதே ஆண்டு பிப்ரவரியில் சொல்லிவிட்டது. சுகாதாரம், கல்வி அளவுக்குப் பேசப்படாத ஒரு துறை இதில் சத்தமில்லாமல் அடிவாங்கியது. அரசுப் பணம் எங்கே போனது என்று கேட்கும் குழுக்களின் வேலை அது.

இந்தியாவில் இந்த அடி ஐந்து வருடம் முன்பே விழுந்துவிட்டது. 2020 செப்டம்பர் 29 அன்று அமலுக்கு வந்த எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) திருத்தம், வெளிநாட்டு நன்கொடை பெற்ற ஓர் அமைப்பு அதில் ஒரு ரூபாயைக்கூட இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றது. அதுவரை டெல்லியிலோ சென்னையிலோ இருக்கும் பெரிய நிறுவனம் பணத்தை வாங்கி, அதில் இரண்டு மூன்று லட்சத்தை ஒரு ஒன்றிய அளவிலான சின்னக் குழுவுக்கு மாற்றிவிடும். கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்டவர்களில் நிறையப் பேருக்குப் பின்னால் அந்தச் சின்னப் பணம்தான் இருந்தது. அந்த வாய்க்கால் ஒரே நாளில் அடைபட்டது. 2022 ஏப்ரல் 8 அன்று நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்தப் பாதைக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கும் வர நினைப்பவர்களுக்கும் ஒன்றைத்தான் சொல்ல விரும்புகிறேன். கணக்குக் கேட்கும் வேலையின் உயிர்நாடி ஆவணமும், அதைக் களத்தில் வைத்துச் சரிபார்க்கும் ஆட்களும்தான். அந்த இரண்டுக்கும் ஆகும் செலவு குறைவு. அதை வெளியார் நிதியில் வைக்கவே கூடாது. நிதி நின்றால் நிறுத்திக்கொள்ளக்கூடிய செலவுகளை மட்டும் திட்டப் பணத்தில் வையுங்கள். பெரும்பாலான அமைப்புகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

ஒரு சிமெண்ட் சாலை

எடுத்துக்காட்டாக, ஓர் ஊராட்சியில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் சாலை போட்டதாக பில் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். மொத்தம் 360 மூட்டை. கனம் 15-க்குப் பதில் 12 சென்டிமீட்டர்தான் என்றால் 36 கன மீட்டர். அதாவது ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட், ஏறக்குறைய 72 மூட்டை சிமெண்ட், சாலைக்குள் போகவே இல்லை. மூன்றாம் மழைக்காலத்தில் அந்தச் சாலை ஏன் பாளம் பாளமாக வெடிக்கிறது என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த 3 சென்டிமீட்டர்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனுவை இரண்டு கட்டமாகப் போட வேண்டும். முதல் மனுவில், மூன்று நிதியாண்டுகளில் அந்த ஊராட்சியில் எல்லாத் திட்டங்களிலும் நடந்த பணிகளின் பட்டியலை மட்டும் கேளுங்கள்: பணியின் பெயர், திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, செலவான தொகை. "எல்லாத் திட்டங்களிலும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஒரே தெருவுக்கு இரண்டு திட்டங்களில் பில் போடுவது மிகப் பழைய வழி. ஒன்றில் "கிழக்குத் தெரு" என்றும் இன்னொன்றில் "கோயில் தெரு" என்றும் எழுதியிருப்பார்கள். இன்னார் வீடு முதல் இன்னார் வீடு வரை என்று எஸ்டிமேட்டில் இருக்கும் குறிப்பை ஊர்க்காரர்களிடம் காட்டினால்தான் இரண்டும் ஒன்று என்று தெரியவரும். வெளியூர் நிபுணரால் இதைப் பிடிக்க முடியாது.

பட்டியல் வந்ததும் சந்தேகப்படும் ஒரு பணிக்கு மட்டும் இரண்டாவது மனு. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, எஸ்டிமேட், டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பில், பணி நிறைவுச் சான்று, தரப் பரிசோதனை அறிக்கை, புகைப்படங்கள். இவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களைக் கேளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது எம்-புக். ஓவர்சியர் களத்தில் அளந்து எழுதியதாகச் சொல்லும் நீளம், அகலம், கனம், அளந்த தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். பில் தேதிக்குப் பிறகு அளவெடுத்த தேதி வந்திருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

அளக்கப் போகும்போது ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேராவது கூட இருக்கட்டும். நீளத்தைச் சாலையின் நடுவாக 30 மீட்டர் டேப்பில் எடுங்கள். அகலத்தை 20 மீட்டருக்கு ஓரிடம் என்று எடுத்துச் சராசரி போடுங்கள். கனத்தில்தான் ஏமாந்துபோவார்கள். ஓரத்தில் ஷட்டரிங் பலகை இருப்பதால் அங்கே கனம் சரியாகவே இருக்கும். தரையைச் சமப்படுத்தாமல் போட்ட சாலையில் நடுப்பகுதிதான் மெலிந்திருக்கும். அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. சாலையை நீங்களே உடைக்கக் கூடாது. அது பொதுச் சொத்துச் சேதம், வழக்கு உங்கள் மேல் திரும்பும். தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, பணிகளை நேரில் ஆய்வு செய்யவும் பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. அந்தப் பிரிவைச் சொல்லி, உதவிப் பொறியாளர் முன்னிலையில் கோர் (சாலையைக் குடைந்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துக் காட்டும்படி கேளுங்கள். பல நேரம் கோர் எடுக்கும் நிலை வருவதற்குள்ளேயே ஒப்பந்ததாரர் மேற்பூச்சு போட்டு மறைக்க ஆள் அனுப்பிவிடுவார். அதனால் மனு போடும் அன்றே ஓரங்களையும் விரிசல்களையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

செலவைக் கணக்குப் பார்ப்போம். இரண்டு மனுவுக்கு 20 ரூபாய். எண்பது பக்க நகல் என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 160. தபால், ஜெராக்ஸ், பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்தாலும் ஒரு பணியை முழுதாகச் சரிபார்க்க ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது. 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் 7(6) பிரிவின்படி நகலை இலவசமாகவே தர வேண்டும். மேல்முறையீட்டில் இதைக் கேட்காமல் விடுகிறவர்கள் அதிகம். வருடத்துக்கு இருபது பணி எடுத்தாலும் பத்தாயிரம் ரூபாய்தான். ஒரு நாள் "திறன் வளர்ப்புப் பயிற்சி"யை ஹோட்டல் ஹாலில் நடத்தினால் சாப்பாடு, பை, பேனர் செலவுக்கே இதைப்போலப் பல மடங்கு போய்விடும்.

மனு எங்கே தோற்கிறது

"ஏன் சாலை தரமாக இல்லை?" என்று கேட்டால் பதில் வராது. விளக்கம் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. அவரிடம் இருக்கும் ஆவணத்தைத்தான் தருவார். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் ஒரு காகிதத்தின் பெயரில் முடிய வேண்டும். அடுத்தது, அமைப்பின் லெட்டர்பேடில் மனு போடுவது. சட்டம் தகவல் உரிமையைக் குடிமக்களுக்கே தந்திருக்கிறது. தலைவர், செயலாளர் என்ற பொறுப்பில் போட்டால் அதைச் சொல்லியே திருப்பிவிடுவார்கள். தனிநபர் பெயரில் போடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) பிரிவு சொல்கிறது. துறை மாறிப் போட்டுவிட்டால் அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது 6(3).

புதிதாக வந்திருக்கும் சிக்கல், தனிநபர் தகவலைத் தராமலிருக்க விலக்கு தரும் 8(1)(ஜே) பிரிவு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் 44(3) பிரிவு, அந்த விலக்கை ஒரே வரியாக்கிவிட்டது. முன்பு, பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற வாசகமும், சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் அங்கேயே இருந்தன. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு, வீடு கட்டும் திட்டப் பயனாளிப் பட்டியல், அதிகாரியின் கையெழுத்துள்ள குறிப்பு எல்லாவற்றுக்கும் இதைக் காட்டி மறுப்பு வரும். 8(2) பிரிவின் பொதுநலன் விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மனுவிலேயே ஒரு பத்தி சேர்த்து, இன்ன பொதுநலனுக்காக 8(2)-இன் கீழ் கேட்கிறேன் என்று எழுதுங்கள். மானியத் திட்டங்களின் பயனாளி விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4(1)(பி) பிரிவில் இருப்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். மறுப்பு வந்தபின் மேல்முறையீட்டில் சொல்வதைவிட, முதல் மனுவிலேயே இருப்பது வலுவாக நிற்கும்.

தபால் விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. சேர்ந்த விவரத்தை இணையத்தில் பார்த்து அன்றே அச்செடுத்து மனு நகலோடு பின் அடித்துவிடுங்கள். பின்னால் தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம். அந்தத் தேதியிலிருந்துதான் 30 நாள் எண்ணப்படும்.

நிதியாளரின் ஆண்டும் ஆணையத்தின் ஆண்டும்

இந்த வேலைக்கும் திட்ட நிதிக்கும் ஒத்துவராததற்கு முக்கியக் காரணம் காலக்கணக்கு. மனுவுக்கு 30 நாள். பதில் சரியில்லை என்றால் முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். அதை முடிக்க அவர்களுக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45. அதற்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே விசாரணைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க 20-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தை எட்டும்போது 12 மாதத் திட்டம் முடிந்து, இறுதி அறிக்கையும் போய், அந்த ஊழியர் வேறு வேலைக்குப் போயிருப்பார். வாதாட யாரும் வராததால் மனு முடித்துவைக்கப்படும்.

அறிக்கையில் என்ன எண்ணுகிறோம் என்பதும் வேலையைக் கெடுக்கும். "இந்த ஆண்டு 300 ஆர்டிஐ மனு" என்று இலக்கு வைத்துவிட்டால், மாவட்டம் முழுக்க ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் போட்டு அனுப்புவார்கள். அலுவலகங்கள் எரிச்சலடையும், பதில்கள் மூட்டையாகக் கிடக்கும், ஒன்றைக்கூடக் களத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்படி எண்ணிக்கை கேட்கும் நிதியாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்: களத்தில் சரிபார்த்த பணிகள் எத்தனை, கிராம சபைத் தீர்மானத்தில் ஏறியவை எத்தனை, திரும்பச் செலுத்தப்பட்ட தொகை எவ்வளவு, நிலுவையில் இருக்கும் மேல்முறையீடுகள் எத்தனை. நான்காவது எண் கூடினால் அது தோல்வி அல்ல, அடுத்த வருடமும் ஆள் வேண்டும் என்பதற்கான கணக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ராஜஸ்தானில் செய்துகாட்டியது

நிறுவன நிதி இல்லாமல் இது முடியுமா என்ற கேள்விக்கு மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்புதான் பதில். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து உழைப்பாளிகளோடு சேர்ந்து 1990 மே 1 அன்று ராஜ்சமந்த் மாவட்டத்தின் பீம் ஊரில் அதைத் தொடங்கினார்கள். நிறுவனங்களிடமிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பணம் வாங்குவதில்லை, தனிநபர் நன்கொடை மட்டும். முழுநேர ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தார்கள். பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் 1994 டிசம்பர் 2 அன்று முதல் ஜன் சுன்வாய் (மக்கள் விசாரணை) நடந்தது. வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயருக்குக் கூலி ஏறியிருந்தது, கட்டாத கட்டடத்துக்கு பில் இருந்தது. இவற்றைச் சொன்னவர்கள் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களேதான். 1996 ஏப்ரலில் தகவல் உரிமை கேட்டு பியாவரில் 40 நாள் தர்ணா தொடங்கியது. கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, ஊர் வியாபாரிகளும் பொதுமக்களும் உதவினார்கள். அந்தத் தொடர்ச்சியில் ராஜஸ்தானில் 2000-இல் மாநிலச் சட்டமும், நாட்டுக்கு 2005-இல் மத்தியச் சட்டமும் வந்தன.

தகவல் உரிமைச் சட்டத்தை நாட்டிலேயே முதலில் நிறைவேற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். விலக்குகள் ஏராளமாக இருந்ததால் அது பயன்படவில்லை. அதன் பின்னால் மக்கள் அமைப்பும் இல்லை. சட்டம் முதலில் வந்த ஊரில் பழக்கம் வரவில்லை. பழக்கம் முதலில் வந்த ஊரில் சட்டம் உறுதியாக நின்றது. இதை நான் மிக முக்கியமான பாடமாக நினைக்கிறேன். பணத்தைச் சட்டம் கொண்டுவரும் பிரசாரத்தில் மட்டும் போட்டுவிட்டு, படிக்கும் கூட்டத்தை உருவாக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

அந்தப் பழக்கத்துக்கு நம்மிடம் இருக்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்பதோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து வருடத்துக்கு ஆறு கூட்டம். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில், ஓட்டுக்குப் பயப்பட யாரும் இல்லாததால், கிராம சபையில் எழுத்தில் பதிவது இன்னும் அவசியம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கேள்வியை மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூட்டத்தில் மூன்று எண்களை மட்டும் படியுங்கள்: பில்லில் உள்ள அளவு, களத்தில் உள்ள அளவு, வித்தியாசத்தின் ரூபாய் மதிப்பு. யாரையும் திருடன் என்று சொல்லாதீர்கள். சொன்ன அந்த நிமிடம் கூட்டம் சண்டையாகி, தீர்மானம் எழுதாமல் கலையும். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

அரசே நிதி தரும் சமூகத் தணிக்கை வேறொரு வகை. நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் 2011-இன் தணிக்கை விதிகளும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிராம சபை தணிக்கை செய்ய வேண்டும் என்றன. தணிக்கைக்கு உதவுபவர் அதே ஊராட்சிக்காரராக இருக்கக் கூடாது என்றும் சொன்னன. மேகாலயா 2017-இல் இதற்கெனத் தனிச் சட்டமே போட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் தணிக்கைக்குப் பணம் தருவது தணிக்கைக்கு உள்ளாகும் துறையே. அங்கிருந்து தவணை தாமதமானால் களப்பணியாளர்களின் சம்பளம் நிற்கும், தணிக்கையும் நிற்கும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைக்குப் பதிலாக 125 நாள் உத்தரவாதம் என்று புதுச் சட்டம் நிறைவேற்றி, செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் வைத்துவிட்டது. பழைய சட்டம் மாறுகிறது, இனி மாநிலங்களுக்கும் இதில் முன்பைவிட அதிகக் கைக்காசு போகும் என்பதால், உள்ளூர்க் குழுக்கள் தணிக்கை அறிக்கைகளை ஊராட்சி வாரியாக இப்போதே இறக்கிச் சேமித்துவைப்பது நல்லது.

பணத்தை எங்கிருந்து எடுப்பது

ஒரு ஒன்றியத்துக்கு ஒரு முழுநேர ஊழியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 என்றால் வருடத்துக்கு 2,40,000. ஆவணச் செலவு 10,000. ஆக இரண்டரை லட்சம். மாதம் 150 ரூபாய் தரும் 200 பேர் இருந்தால் வருடத்துக்கு 3,60,000. மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபே சில மாதம் கணக்கில் பணமில்லாமல் தவறும், சிலர் நிறுத்துவார்கள். எழுபது சதவீதம் வந்தாலே 2,52,000. கணக்கு நேராகிறது. இந்த 200 பேரும் அந்த ஒன்றியத்துக்காரர்களாகவோ அங்கிருந்து வெளியூர் போனவர்களாகவோ இருந்தால், ஊழியருக்கு மிரட்டல் வரும்போது தொலைபேசி எடுக்கவும் ஆள் இருக்கும்.

இதில் மிகப் பெரிய தவறு, ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்குவது. அது அவருடைய வருமானமாகக் கணக்காகும். எதிர்த்தரப்பு முதலில் தோண்டுவதும் அதைத்தான். குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கம் பதியலாம். அமைப்பின் பெயரில் பான், இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, இவை வந்தபின் வசூலை ஆரம்பியுங்கள்.

கூட்டத்தில் க்யூஆர் கோடு மாட்டி வசூலித்தால் இன்னொரு பொறி இருக்கிறது. வங்கிப் பட்டியலில் பெயர் வரும், முகவரி வராது. நன்கொடையாளரின் பெயரும் முகவரியும் பதிவில் இல்லாவிட்டால் வரிச் சட்டத்தில் அது பெயரற்ற நன்கொடை. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டிய பெயரற்ற தொகைக்கு 30 சதவீத வரி. பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து ஊர், முகவரி எழுதி வாங்கினால் போதும். நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி சலுகையைப் பெரிதாகச் சொல்லி வசூலிக்காதீர்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவே கிடையாது. 2023-24 முதல் அதுதான் இயல்பான தேர்வு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கும் கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பழைய ரசீதுப் புத்தகத்தை அப்படியே ஓட்டாமல் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்புச் செலவு) பணம் பெரியது. ஆனால் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பசி, கல்வி, சுற்றுச்சூழல், விளையாட்டு என்று நீளும் பட்டியலில் அரசிடம் கணக்குக் கேட்பது என்று ஒரு தலைப்பு கிடையாது. குடிநீர்த் திட்டத்துக்குள் மக்கள் கண்காணிப்புக் குழு என்று ஒரு துண்டாக நுழைக்கலாம். தொட்டி கசிகிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பது வரை அவர்களுக்குச் சம்மதம். டெண்டர் பற்றிக் கேட்க ஆரம்பித்தால் அடுத்த ஆண்டு அந்தத் துண்டு திட்டத்தில் இருக்காது. அந்தக் கம்பெனிக்கும் அரசோடு தொழில் இருக்கிறது. ஆகவே ஆய்வகப் பரிசோதனை, கம்ப்யூட்டர், பயிற்சி நூல் போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்துக்கு வேண்டாம்.

எஃப்சிஆர்ஏ பதிவு இன்னும் கையில் இருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கவனமாக வைத்திருக்க வேண்டும். பணம் முதலில் வந்து சேரும் கணக்கு எஸ்பிஐ-யின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் மட்டும்தான். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள். முன்பு 50 ஆக இருந்தது. அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம், நிர்வாகப் பயணம் எல்லாம் அதற்குள் அடங்கும் என்பதால், வவுச்சர் எழுதும் அன்றே அது திட்டச் செலவா நிர்வாகச் செலவா என்று பிரித்து எழுதுங்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து பிரித்தால் தப்பாகத்தான் போகும். ஆண்டு அறிக்கையான எஃப்சி-4-க்குக் கெடு டிசம்பர் 31. புதுப்பிப்பு மனுவைக் காலாவதிக்கு நான்கு மாதம் முன்பாவது கொடுத்துவிடும்படி உள்துறை அமைச்சகம் 2025 ஏப்ரலில் சொன்னது. தேதி தாண்டினால் கணக்கில் இருக்கும் பணத்தையும் தொட முடியாது. 2022 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 6,000 அமைப்புகளின் பதிவு போனது, பெரும்பாலும் புதுப்பிக்க மனுவே போடாததால். பெரிய பெயர் காப்பாற்றாது: சிபிஆர் போன்ற ஆய்வு நிறுவனத்தின் பதிவு 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டு 2024 ஜனவரியில் ரத்தானது. போராட்டம் நடத்தினாலே அரசியல் அமைப்பு ஆகிவிடாது என்று இன்சாஃப் என்ற அமைப்பின் வழக்கில் 2020 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் பதிலில் அதைக் காட்டலாம். அப்போதும் கணக்குக் கேட்கும் ஊழியரின் சம்பளத்தை அந்தக் கணக்கிலிருந்து கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. பதிவு நிறுத்தப்பட்டால் 180 நாள், தேவையானால் இன்னொரு 180 நாள். ஒரு குடும்பத்தை அத்தனை நாள் சம்பளமின்றி வைக்க நமக்கு உரிமை இல்லை.

உங்கள் குழுவின் வரவு செலவையும் மாதாமாதம் வெளியே ஒட்டுங்கள். யார் தந்தது, எதற்குச் செலவானது, எத்தனை மனு நிலுவை. எம்-புக்கைக் கேட்பவரிடம் வவுச்சர் இல்லை என்றால் அந்த ஊரில் அடுத்த கிராம சபையில் அவர் வாய் திறக்க முடியாது.

ஒரு திட்டம் முடியப்போகிறது என்று தெரிந்தால், இறுதி அறிக்கைக்கு முன்னால் செய்ய வேண்டியது நிலுவைப் பட்டியல். மனுதாரர் பெயர், மனு தேதி, தபால் எண், மேல்முறையீட்டு எண், அடுத்த கெடு என்று ஒரே தாளில் எழுதுங்கள். மனு ஊழியர் பெயரில் இருந்தால் அவர் போனபின்னும் நோட்டீஸ் அவர் முகவரிக்கே வரும். அதனால் ஆரம்பத்திலிருந்தே அந்த ஊரில் நிலையாக இருப்பவரின் பெயரில் போடுவது நல்லது. அவருக்கு ஆபத்து இருக்கும் என்றால் ஒரே ஊரிலிருந்து மூன்று நான்கு பேர், அல்லது வேறு மாவட்டத்திலிருந்து ஒருவர், ஒரே ஆவணத்தைத் தனித்தனியாகக் கேட்கட்டும். பதில் வந்த அன்றே எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து குறைந்தது ஐந்து பேருக்கு அனுப்பிவிடுங்கள். ஆவணம் ஒருவர் கையில் மட்டும் இருக்கும் காலம்தான் ஆபத்தான காலம். முகவரி மாறியிருந்தால் தகவல் ஆணையத்துக்கு வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, அது சேர்ந்த விவரத்தையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அலுவலகத்தைக் காலி செய்யும்போது மேசை நாற்காலியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அந்தக் கோப்புகளை மட்டும் மனுதாரர்களிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.